காலையில் ஒரு ரவுண்டு

பிரியமான மச்சானுக்கு, ஏரிக்கரையிலிருந்து தங்கவேலு எழுதுறது.

நீங்க இருந்தவரைக்கும் உங்களுக்கு நான் ஒரு கடுதாசி எழுதினதில்ல. எதுக்கு எழுதணும்? ஒரே போட்ல நீங்க ஸ்டியரிங்ல, நான் பின்னாடி கயித்தோட. பேச வேண்டியதெல்லாம் அங்கயே பேசித் தீத்தாச்சு. அதுல பாதி சண்டைதான். "ஏலே மாப்ள, கயித்த வீசுறியா, இல்ல ஊஞ்சல் கட்டுறியா"ன்னு நீங்க கேப்பீங்க. "நீங்க மொதல்ல அங்க போய்ச் சேருங்க, அதுக்குள்ள நான் ரெண்டு ஊஞ்சல் கட்டிருவேன்"னு நான் சொல்வேன். இப்போ ஸ்டியரிங்லயும் நான்தான், கயித்துலயும் நான்தான். சண்டை போட ஆளில்ல. அதான் எழுதுறேன்.

அக்கா நல்லா இருக்கு. அதை மொதல்ல சொல்லிர்றேன், இல்லேன்னா மத்தது எதுவும் உங்க காதுல ஏறாது. ஐப்பசி மழையில நீங்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தீங்க. மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அக்கா ரொம்ப நாள் வீட்டை விட்டு வெளிய வரல. தை பொறந்ததும் ஒருநாள் தானா வெள்ளனே எந்திரிச்சு, சோளக்கதிர் சுடுற கரியடுப்பைத் தூக்கிக்கிட்டு, அட்டுவம்பட்டியிலிருந்து ஏரி ரோட்டுக்கு வந்துருச்சு. பழைய எடத்துலயே அடுப்பைப் பத்தவச்சுச்சு. எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுச்சு.

"போட் சத்தம் கேட்டுக்கிட்டு இருந்தாப் போதும்டா தம்பி. அவரு அங்கிட்டு சோலியா இருக்காருன்னு நெனச்சுக்கிட்டு நான் எஞ்சோலியப் பாத்துருவேன்."

அந்தச் சத்தம்தான் நின்னுபோகப் பாத்துச்சு, மச்சான். அந்தக் கதையைச் சொல்லத்தான் உக்காந்திருக்கேன்.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு நம்ம போட்டைத் தெரியாது. அவங்களுக்கும் சொல்லிர்றேன், நீங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க. ஏரியில சவாரி போறதெல்லாம் பெடல் போட்டும் துடுப்புப் போட்டும். எங்களுது டீசல் போட், சவாரிக்கு இல்ல. நடுவழியில கால் ஓஞ்சு நின்னுட்டவங்களைக் கயிறு கட்டி இழுத்துட்டு வர்றது, பாசியையும் கொடியையும் அரிச்சுக் கரையில தள்ளுறது, மேகம் எறங்கி கரை மறைஞ்சுபோச்சுன்னா ஆளுகளைத் தேடிக் கூட்டியார்றது, இதான் எங்க வேலை. எல்லாமே மெதுவா செய்ய வேண்டிய வேலை. அதுலயும் எங்க மச்சான் ஓட்டுற மெதுவு இருக்கே, அது தனி. கரையில நடந்துபோற கெழவனார் ஒருத்தர் எங்களை முந்திக்கிட்டுப் போய், திரும்பிப் பாத்து, நின்னு, கை காட்டிட்டுப் போனதெல்லாம் உண்டு.

உங்களுக்கு ஊரே ஆமைன்னு பேரு வச்சுச்சு. நீங்க கோவிச்சுக்கிட்டதே இல்ல. "முன்னாடி பாத்து வேகத்தக் கணக்குப் போடாத மாப்ள, பின்னாடி பாரு"ம்பீங்க. நம்ம கிளப்புற அலை போய் கரையோரப் புல்லை ஆட்டுச்சுன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். புல்லுக்குள்ள முக்குளிப்பான் கூடு கட்டியிருக்கும், அலை ஏறினா முட்டை உருண்டு தண்ணிக்குள்ள போயிரும். அதுக்காகவே கியரைத் தட்டுவீங்க, நியூட்ரல்ல விடுவீங்க, மறுபடி தட்டுவீங்க. நியூட்ரல்ல விட்டா போட் நம்ம பேச்சைக் கேக்காது, காத்து பேச்சைத்தான் கேக்கும். நீங்க காத்தைப் பாத்துட்டு, அது தள்ளப்போற தூரத்துக்கும் சேத்து முன்னாடியே மூக்கைத் திருப்பி வச்சிருப்பீங்க. பெடல் போட்கிட்ட போய் ஒட்டும்போது ஒரு தட்டுகூடத் தட்டாது. உள்ள உக்காந்திருக்கிற பிள்ளை கையில இருக்கிற ஐஸ்கிரீம் அப்படியே இருக்கும்.

அந்த மேகம் எறங்கின நாளை நான் மறக்கவே மாட்டேன். மத்தியானம்தான், ஆனா கைக்கெட்டுற தூரம்கூடத் தெரியல. எங்கயோ ஒரு கைப்பிள்ளை அழுகுற சத்தம் மட்டும் கேக்குது. எனக்குப் பொறுக்கல. "வெரசாப் போங்க மச்சான், வெரசாப் போங்க"ன்னு கத்துறேன். நீங்க வழக்கத்தைவிட மெதுவா, நின்னு நின்னு, சத்தம் வர்ற பக்கம் காதைக் குடுத்துக்கிட்டுப் போறீங்க. அன்னைக்கு உங்க மேல எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல.

கிட்ட போனப்புறம்தான் தெரிஞ்சுச்சு. கொடியில மாட்டுன பெடல் போட்ல அந்தப் பிள்ளையோட தகப்பன் எந்திரிச்சு நின்னுக்கிட்டு இருக்கான். எங்க சத்தத்தைக் கேட்டு, நாங்க பாக்கணுமேன்னு, துண்டை வீசிக்கிட்டு விளிம்புல நிக்கிறான். அவன் பொஞ்சாதி பிள்ளையை நெஞ்சோட கட்டிக்கிட்டு ஒரு ஓரத்துல. நாம ஒரு அலை அடிச்சிருந்தோம்னா மூணு பேரும் தண்ணிக்குள்ள. நீங்க இஞ்சினைத் தணிச்சு, "உக்காருங்க தம்பி, வந்துட்டோம்ல"ன்னு வீட்டு வாசல்ல நிக்கிறவனைக் கூப்புடுற மாதிரி சொன்னீங்க. அவன் உக்காந்தான். கரைக்கு வந்தப்புறம் அந்தப் பொண்ணு உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. நீங்க அக்கா கடைக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு கதிரை வாங்கிக் குடுத்துட்டு ஓடி வந்துட்டீங்க.

இப்படிப்பட்ட மனுசன், தினமும் காலையில ஒரு ரவுண்டு மட்டும் பறப்பாரு.

ஆள் வர்றதுக்கு முன்னாடி, டிக்கெட் கவுண்டர் தொறக்குறதுக்கும் முன்னாடி, இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கிட்டு, கரையை விட்டு எட்ட நடு ஏரிக்குப் போய், ஆக்ஸிலேட்டரை முழுசாத் தள்ளி ஒரே ரவுண்டு. போட் மூக்கைத் தூக்கிரும். தண்ணி ரெண்டு பக்கமும் பிச்சுக்கிட்டுப் போகும். என்னை ஏத்த மாட்டீங்க. "நீ கரையில நில்லு மாப்ள"ன்னு சொல்லிட்டுத் தனியாத்தான் போவீங்க. கரையில நின்னு பாத்தா உங்க பல்லு மட்டும் பளிச்சுன்னு தெரியும். திரும்பி வந்ததும், "இஞ்சின் ஒருதடவ நல்லாச் சூடாகணும் மாப்ள, அதுக்காகத்தான்"ம்பீங்க. நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம். சாக்கு சொல்றாரு பாரு, நாள் முழுக்க ஆமையாப் போறவருக்கு காலையில மட்டும் குதிரைச் சவாரி கேக்குதுன்னு. அந்த லைப் ஜாக்கெட்டை வேற கழுத்து வரைக்கும் கட்டிக்கிட்டு நிப்பீங்க. கல்யாண மாப்பிள்ளை மாலையைக் கழட்ட மாட்டேங்கிறாருன்னு கவுண்டர்ல இருக்கிற பிள்ளைகள்கூடக் கேலி பண்ணும். எல்லாத்துக்கும் நீங்க தலையாட்டிக்கிட்டு டீ குடிக்கப் போயிருவீங்க.

சரி, இப்போ கதைக்கு வர்றேன்.

நானும் அக்காவும் பொறந்த கூக்கால் ஊரு வழக்கம் உங்களுக்குத் தெரியும். துட்டி விழுந்த வீட்ல, எறந்துபோனவருக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதை வருசம் திரும்புறவரைக்கும் நாங்க தொடமாட்டோம். உங்க கருமாதி அன்னைக்கு ஆளாளுக்கு ஒண்ணை விட்டாங்க. அக்கா காப்பியை விட்டுச்சு. பண்ணைக்காட்டுக்காரரு நீங்க, காப்பி இல்லாம கண்ணைத் தொறக்க மாட்டீங்கல்ல. உங்க மக மலைவாழைப்பழத்தை விட்டா. நான் யாருகிட்டயும் சொல்லல, மனசுக்குள்ளயே ஒண்ணை விட்டேன். மச்சானுக்கு இந்த உலகத்துலயே பிடிச்சது காலையில அந்த ஒரு ரவுண்டுதான், அதை வருசம் திரும்புறவரைக்கும் போகமாட்டேன்னு.

விட்டதோட நிக்கல. உங்க மேல இருக்கிற மரியாதைக்கு, நீங்க ஓட்டுனதைவிட மெதுவா ஓட்டுனேன். காலையில எடுத்தா சாயங்காலம் வரைக்கும் இஞ்சின் உறுமவே உறுமாது. டுக்கு டுக்குன்னு மொனகிக்கிட்டே போகும். பிள்ளையைத் தோள்ல போட்டுத் தட்டுற மாதிரி அதைப் பாத்துக்கிட்டேன். மாசி வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.

அப்புறம் அது சீக்குல விழுந்துச்சு. காலையில கிளப்பினா கிளம்பாது. கிளம்பினா வெள்ளையாப் புகை, கொஞ்ச நேரத்துல கருப்பாப் புகை. புகைக் குழாயிலிருந்து மை மாதிரி ஒரு எண்ணெய் சொட்டி தண்ணியில படரும். சவாரிக்கு வந்தவங்க மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனாங்க. சில நாள் நடு ஏரியில விக்கி நின்னுபோயி, இழுக்கப்போன என்னை இன்னொருத்தன் துடுப்புப் போட்டு இழுத்துட்டு வந்தான். அந்த வெக்கத்தை நீங்க பாக்காமப் போனது நல்லதுதான்.

போட் முதலாளி கூப்பிட்டு அனுப்பினாரு. அவரு கெட்ட மனுசன் இல்ல. "தங்கவேலு, சீசனுக்குள்ள புகை நிக்கலேன்னா இதக் கழட்டிருவோம். பேட்டரி போட் ஒண்ணு வருது. புகையும் கிடையாது, சத்தமும் கிடையாது"ன்னாரு. அதுவும் நல்லதுதானே, நான் என்ன சொல்ல? ஆனா சத்தமும் கிடையாதுன்னு சொன்னாரு பாருங்க, அங்கதான் எனக்கு அக்கா நெனப்பு வந்துச்சு. ரோட்டுல அக்கா கதிரைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கு. போட் சத்தம் நின்ன அன்னைக்கெல்லாம் அது அடுப்பைப் பாக்கல, ஏரியைத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. வந்தவங்க கேட்ட கதிரெல்லாம் கருகிப்போச்சு. ஒருநாள் பொழுது சாயுறதுக்கு முன்னாடியே கடையைக் கட்டிட்டு வீட்டுக்குப் போயிருச்சு. அந்தச் சத்தமும் போச்சுன்னா அக்கா திரும்பவும் கதவைச் சாத்திக்கும்னு எனக்குப் பயம் வந்துருச்சு, மச்சான். நெசமான பயம்.

வத்தலக்குண்டுல இருந்து சிக்கந்தர் பாயைக் கூட்டிட்டு வந்தேன். அவரு லாரி இஞ்சின் பாக்குறவரு. குழாயைக் கழட்டி உள்ள விரலை விட்டு எடுத்தாரு, விரல் முழுக்க கரிச்சாந்து.

"யாரு ஓட்டுறது?"

"நான்தான் பாய்."

"எப்படி ஓட்டுறீங்க?"

"ரொம்பப் பதனமா, மெதுவா ஓட்டுறேன்." பெருமையாத்தான் சொன்னேன்.

"அதான் வியாதி"ன்னாரு. "டீசல் இஞ்சின் சூடேறி உழைக்கணும் தம்பி. எந்நேரமும் மெதுவாவே ஓட்டினா டீசல் முழுசா எரியாது. எரியாதது கரியா உள்ளயே அப்பிக்கிடும். மெதுவா ஓட்டுறது தப்பில்ல, உங்க வேலை அப்படி. ஆனா தினம் ஒருதடவையாவது, சூடானப்புறம், கொஞ்ச நேரம் முழுசா முடுக்கி விடணும். இத்தன வருசம் ஓடியிருக்கே, இதுக்கு முன்னாடி இருந்தவரு அப்படிச் செய்யலியா?"

செஞ்சாரு பாய். தினமும் செஞ்சாரு. ஏன் செய்றேன்னு எங்ககிட்ட சொல்லிட்டே செஞ்சாரு. நாங்கதான் சாக்குன்னு சிரிச்சோம்.

பாய் இஞ்சினைப் பிரிச்சுச் சுத்தம் பண்ணிக் குடுத்தாரு. "நான் பாத்ததுல பாதிக் கரிதான் போச்சு. மிச்சத்த நீங்கதான் ஓட்டி எரிக்கணும். ஓட்டலேன்னா மறுபடியும் இதே கதிதான்"னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டாரு. எனக்கோ தலையைச் சுத்துது. வருசம் திரும்பல. மனசுல விட்டதை நடுவுல எடுக்கலாமா? எடுக்கலேன்னா போட் போச்சு. யாருகிட்ட கேக்குறது? நீங்க இருந்தா உங்ககிட்டதான் கேட்டிருப்பேன்.

அக்காகிட்ட போனேன். கடையில கூட்டமில்ல. கதிருக்கு உப்புத் தண்ணி தெளிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் விட்டது இன்னதுன்னு சொன்னேன். பாய் சொன்னதையும் சொன்னேன். "அவரு சந்தோசமா ஓட்டுனத, துட்டி கழியாம நான் எடுத்து ஓட்டலாமாக்கா"ன்னு கேட்டேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பாத்துச்சு. "எதை விட்டேன்னு சொன்ன?"

"காலையில போற ரவுண்டு."

அது சிரிக்க ஆரம்பிச்சுச்சு, மச்சான். நீங்க போனப்புறம் நான் பாத்த மொத சிரிப்பு. முந்தானையை வாயில வச்சுக்கிட்டு, குலுங்கிக் குலுங்கி, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சுச்சு. கொஞ்ச நேரத்துல அது எது சிரிப்பு எது அழுகைன்னு எனக்குத் தெரியல.

"ஏலே கூறுகெட்டவனே, அந்த மனுசனுக்கு வேகம்னாலே உசுரு போயிரும்டா"ன்னுச்சு. "கல்யாணத்துக்கு முன்னாடி பண்ணைக்காட்டுல காப்பி மூட்டை ஏத்திக்கிட்டு ஜீப்ல வந்தாருல்ல, அது பொரண்டுச்சுல்ல. கூட வந்தவரு அங்கயே போயிட்டாரு. அதுலருந்து பஸ்ல முன்சீட்டுல உக்கார மாட்டாரு. எறக்கத்துல பஸ் வேகம் எடுத்தா என் கையப் பிடிச்சுக்கிடுவாரு. இதுல நீச்சல் வேற தெரியாது. தெனம் காலையில அந்த ரவுண்டுக்குப் போறதுக்கு முன்னாடி, 'போய்ட்டு வர்றேன் ராசாத்தி'ன்னு வெளியூர் போறவரு மாதிரி சொல்லிட்டுப் போவாரு. நான் இங்க நின்னு, அவரு கரை ஏறுற வரைக்கும் அடுப்புப் பத்தவைக்க மாட்டேன்."

"ஏன்க்கா, அப்புறம் சிரிச்சாரே. பல்லு தெரியுமே."

"பல்லக் கடிச்சுக்கிட்டு நிப்பாருடா."

மச்சான், உங்க காலுத் தழும்பை நான் பாத்திருக்கேன். ஜீப்ல அடிபட்டதுன்னும் தெரியும். அந்த லைப் ஜாக்கெட்டை எத்தன வருசம் பாத்தேன். இதையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேத்துப் பாக்க எனக்குத் தோணலியே. ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? சொல்லியிருந்தா நான் ஓட்டியிருப்பேன்ல? இல்ல, அதுக்குத்தான் சொல்லலியா? நீ கரையில நில்லு மாப்ளன்னு தெனமும் என்னை எறக்கிவிட்டது அதுக்குத்தானா?

அக்கா மூக்கைச் சிந்திக்கிட்டு, பழைய நக்கலோட ஒண்ணு சொல்லுச்சு. "அவருக்குப் பிடிச்சது மெதுவாப் போறதுடா. பிடிச்சத விடுறேன்னு சொல்லிட்டு, அவருக்குப் பிடிச்சத மட்டும் இத்தன மாசமா நாள் முழுக்க செஞ்சிருக்க. போ, போய் ரவுண்டு அடி."

மறுநாள் வெள்ளனே போனேன். ஏரி மேல மேகம் கலைஞ்சு நல்ல வெளிச்சம். அக்காவும் கூடவே வந்துருச்சு. இத்தன வருசத்துல அது அந்த போட்ல கால் வச்சதில்ல, இன்னைக்கு ஏறியே தீருவேன்னு சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு நிக்குது. எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல, "நீ கரையில நில்லுக்கா"ன்னு வாயில வந்துருச்சு. அது பின்னாடி நகந்து நின்னுக்கிடுச்சு.

உங்க லைப் ஜாக்கெட்டை எடுத்துக் கழுத்து வரைக்கும் கட்டிக்கிட்டேன். கூக்கால்ல பெரிய ஏரிக்குப் பக்கத்துல பொறந்து வளந்தவன்தான், ஆனா நீச்சலுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. இஞ்சினைச் சூடாக்கி, நடு ஏரிக்குப் போய், ஆக்ஸிலேட்டரை முழுசாத் தள்ளினேன். மூக்கு தூக்குச்சு பாருங்க, எதிர்ல ஏரியே தெரியல, வானம்தான் தெரிஞ்சுச்சு. ஸ்டியரிங் கையில நடுங்குது. கத்தணும்போல இருந்துச்சு, கத்தல. பின்னாடி திரும்பிப் பாக்க தைரியமில்ல. கருப்புப் புகை குபுகுபுன்னு போய்க்கிட்டே இருக்குன்னு வாடையிலயே தெரிஞ்சுச்சு. பாதி ரவுண்டுல இஞ்சின் ஒரு செருமல் செருமி, அடைச்ச தொண்டையைத் தொறந்த மாதிரி உறுமுச்சு. வாடை கொறைஞ்சுச்சு. கரைக்குத் திரும்பறப்போ தணிச்சிட்டுப் பாத்தேன், குழாய்க்கு மேல புகையே இல்ல. நீங்க கேட்டுக் கேட்டுப் பழகின அதே டுக்கு டுக்கு.

இதுக்கு நான் நன்றின்னு சொன்னா சின்ன வார்த்தையா இருக்கு. பூண்டு பயிர் போட்டு நட்டப்பட்டு கூக்காலை விட்டு வந்தவனை, ஒரு கேள்வி கேக்காம உங்க போட்ல பின்னாடி உக்காரவச்சீங்க, அதுக்குச் சொல்லவா? எம்பிள்ளைக படிப்பு அந்தக் கயித்துல ஓடுச்சு, அதுக்குச் சொல்லவா? தெனம் காலையில உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போய், நாங்க நாள் முழுக்கப் பிழைக்கிறதுக்கு அந்த இஞ்சினைத் தயார் பண்ணிட்டு வந்து, எங்க கேலியையும் கேட்டுக்கிட்டு டீ குடிச்சீங்களே, அதுக்கு நான் எதைச் சொல்ல?

இப்போ முதலாளி பேட்டரி போட் பேச்சை அடுத்த வருசத்துக்குத் தள்ளிட்டாரு. அது வரும், வரட்டும். அதுவரைக்கும் இது ஓடும். இந்த வருசம் முக்குளிப்பான் வடக்கு ஓரப் புல்லுல கூடு கட்டியிருக்கு. அந்தப் பக்கம் போகும்போது நான் முன்னாடி பாக்குறதில்ல, பின்னாடிதான் பாக்குறேன். புல்லு ஆடல.

மொத ரவுண்டு அடிச்சுட்டு அன்னைக்கு நான் கரை ஏறி கட்டுன கயிறு ரெண்டு தடவையும் அவுந்துருச்சு. அக்காதான் வாங்கிக் கட்டுச்சு. கட்டிட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

"ரொம்பப் பயந்துட்டியாடா?"

"ஆமாக்கா. பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் ஓட்டுனேன்."

"தூரத்துல இருந்து பாத்தா சிரிக்கிற மாதிரிதான்டா இருக்கு"ன்னுச்சு. சொல்லிட்டு அடுப்பைப் பத்தவைக்கப் போயிருச்சு.

தெனமும் போவேன் மச்சான். மழையோ குளிரோ, ஆள் வர்றதுக்கு முன்னாடி, நடு ஏரியில அந்த ஒரு ரவுண்டு. நான் கரை ஏறினதும் அக்கா அடுப்பைப் பத்தவைக்கும். மிச்ச நாள் முழுக்க, உங்களுக்குப் பிடிச்ச மாதிரி மெதுவா.

பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டும்,
உங்க ராசாத்தியோட தம்பி,
தங்கவேலு